ஹட்டனில் இரண்டு ஞாயிறு: ஒரு தர முகாமைத்துவ வகுப்பு

தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்களுக்கெனத் தமிழில் தர முகாமைத்துவ வகுப்பு ஒன்று ஹட்டனில் நடக்கிறது என்று கேள்விப்பட்டதும், தேயிலையை உலர்த்தும் ட்ரையர் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் நான் இரண்டு ஞாயிறுகளை அதற்கென ஒதுக்கினேன். கொழும்புக்குப் போய் ஆங்கிலத்தில் கேட்டுப் பாதி விளங்கித் திரும்பியவர்களுக்கு இதுவே பெரிய ஆறுதல்.

முதல் நாள் காலை முழுவதும் வரலாறு. டெய்லர் என்று விரிவுரையாளர் தொடங்கியதும், "1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்டவர்தானே, சேர்?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார். அவர் ஜேம்ஸ் டெய்லர் என்றும், இவர் வேலையைத் திட்டமிடுவோரையும் செய்வோரையும் வேறாக்கிய அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடரிக் டெய்லர் என்றும் விரிவுரையாளர் பொறுமையாக விளக்கினார். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்த வால்டர் ஷூவார்ட், செய்து முடித்த பொருளில் பழுதானதைப் பொறுக்கி எறிவதை விட்டு, செய்யும்போதே ஏற்ற இறக்கத்தைக் கண்காணிக்கும் கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924இல் ஒரு பக்கக் குறிப்பில் முன்வைத்ததும், அமெரிக்கத் தர நிபுணர்களான டெமிங் 1950இலும் ஜுரான் 1954இலும் ஜப்பானில் கற்பித்ததும் அதன்பின் வந்தன.

வகுப்பின் உயிர் அந்த வரைபடத்தில்தான் இருந்தது. எந்த வேலையிலும் இயல்பாகவே இருக்கும் சிறு அசைவு வேறு, தனிக் காரணத்தால் வரும் தாவல் வேறு. முதலாவதை இரண்டாவதென்று எண்ணிக் கை வைத்தால் அசைவு கூடவே செய்யும். பயிற்சிக்குத் தந்த எண்கள் ஏதோ ஓர் ஆணித் தொழிற்சாலையினுடையவை என்பதால், சாப்பாட்டு நேரத்தில் உலர்ந்த தேயிலையின் ஈரப்பதனை நாங்கள் எழுதிவைக்கும் கொப்பியை எடுத்து 25 அளவுகளைச் சதுரக்கோட்டுத் தாளில் குறித்துப் பார்த்தேன். 3.3 சதவீதம் வந்தால் வெப்பத்தைக் கூட்டுவதும், அடுத்து 2.7 வந்தால் குறைப்பதுமாக நாங்கள் ஓடியாடிய ஷிப்டுகளில் புள்ளிகள் ஏறி இறங்கின. எவரும் கை வைக்காத ஷிப்டுகளில் அவை 3 சதவீதக் கோட்டை ஒட்டியே கிடந்தன. இயல்பான அசைவுக்கென வரைபடத்தில் போடும் எல்லைக்கு வெளியே போனது ஒரே ஒரு புள்ளி, அதுவும் ட்ரையர் அடுப்புக்கு ஈர விறகு வந்த இரவில். இத்தனை வருடமாகக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்ததைத் தாளில் பார்க்கச் சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாம் நாள் எனக்கு ஏமாற்றம். ஐஎஸ்ஓ எனும் சர்வதேச நியம அமைப்பு 1987இல் வெளியிட்ட ஐஎஸ்ஓ 9000 தர நியமங்களைப் பற்றிய பகுதி, எந்தப் படிவத்தை எந்தக் கோப்பில் வைப்பது என்பதிலேயே கழிந்தது. சுவை பார்ப்பதற்குத் தேநீர் தயாரிக்கும் முறையைச் சொல்லும் ஐஎஸ்ஓ 3103ஐ, அதாவது 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் என்பதை, உதாரணமாக எடுத்திருந்தால் எல்லோருக்கும் எளிதில் பிடிபட்டிருக்கும்: அந்த நியமம் தேநீரை ருசியாக்குவதில்லை, ஒவ்வொரு முறையும் ஒரேவிதமாக ஊற்றி ஒப்பிட வழி செய்கிறது.

1962இல் ஜப்பானில் தொடங்கிய தர வட்டங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் மட்டுமே. வேலை செய்பவர்களே கூடி உட்கார்ந்து குறையின் காரணத்தைத் தேடும் அந்த முறை, முற்றல் இலை ஏன் கூடுகிறது என்பதை மலையில் நிற்கும் அக்காமாரிடம் ஒருநாளும் கேட்டறியாத எங்களுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது.

முதல் ஞாயிறுக்காக மட்டுமே கட்டணத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். போகிறவர்கள் தங்கள் தொழிற்சாலைக் கொப்பியைக் கையோடு கொண்டு போகட்டும். மண்டபத்தில் கடுங்குளிர், ஸ்வெட்டரும் வேண்டும்.