அசோக் நகர் சோபாவும் கேளம்பாக்கம் சோபாவும்: பெட்ரோல் ஏறினால் யாரிடம் வாங்குவது?

என் மச்சினன் சென்னை வடபழனியில் சோபா, கார்பெட், மெத்தை சுத்தம் செய்யும் தொழில் நடத்துகிறான். பழைய ஆம்னி வேன் ஒன்று, தண்ணீரைத் தெளித்து உறிஞ்சும் மெஷின் இரண்டு, தேய்க்கும் மெஷின் ஒன்று, வேலைக்கு இரண்டு பையன்கள். மாதக் கடைசியில் கணக்கு எழுதுவது என் தலையில். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே பஞ்சாயத்துதான்: "மாமா, ரேட்டை ஏத்திடலாமா?"

2022 மார்ச் 22 ஞாபகம் இருக்கும். நாலரை மாதம் அசையாமல் கிடந்த விலை அன்று கிளம்பி, பெரும்பாலும் நாளுக்கு 75, 76 பைசா என்று ஏறியது. சென்னையில் 101 ரூபாய் 40 காசாக இருந்த பெட்ரோல் ஏப்ரல் 6-ஆம் தேதி 110 ரூபாய் 85 காசு. மச்சினன் பதறிப்போய் வந்தான். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வேன் ஊருக்குள் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும். நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் 5 லிட்டர். கூடுதல் செலவு நாளுக்கு 47 ரூபாய். பையன்களின் டீ வடைச் செலவு அதைவிட அதிகம்.

ஆனால் அது பாதிக் கணக்குதான். அவனுடைய ரேட் அட்டை 2020 மே மாதத்தில் அடித்தது. அப்போது பெட்ரோல் 75 ரூபாய் 54 காசு. அந்த இடைவெளியில் பார்த்தால் லிட்டருக்கு 35 ரூபாய், நாளுக்கு 175, மாதம் 26 நாளுக்கு 4,550 ரூபாய். திடீரென்று ஏறிய 9 ரூபாய்க்குப் பதறியவன், சத்தமில்லாமல் ஏறிய 26 ரூபாயைக் கவனிக்கவே இல்லை. இந்தத் தொழிலில் நிறைய பேர் கதை இதுதான்.

இன்னொன்று. அமெரிக்காவில் கார்பெட் கழுவுகிறவர்களில் நிறைய பேர் வேனுக்குள்ளேயே பெரிய மெஷினைப் பொருத்தி வைத்திருப்பார்கள். வெந்நீர் போடுவதும் உறிஞ்சுவதும் என்ஜின்தான். நீளமான குழாய் மட்டும் வீட்டுக்குள் போகும். அங்கே வேலை நடக்கும்போதும் பெட்ரோல் எரியும். நம்மூரில் மெஷினை மாடிக்குத் தூக்கிக்கொண்டுபோய் வாடிக்கையாளர் வீட்டு பிளக்கில் சொருகுகிறோம். கரண்ட் அவர்கள் மீட்டரில் ஓடும். ஆக, நமக்கு பெட்ரோல் என்பது போய்வரும் செலவு மட்டுமே. கார்பெட் பத்து அடியா இருபது அடியா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பெட்ரோல் ஏற்றத்தைச் சமாளிக்கும் எல்லா வழிகளையும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

எடைபோட இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் ஐந்து சீட் சோபா, சீட்டுக்கு 250 வீதம் 1,250 ரூபாய் பில். ஒன்று அசோக் நகர், போய்வர 6 கிலோமீட்டர். இன்னொன்று கேளம்பாக்கம், போய்வர 70 கிலோமீட்டர் என்று வையுங்கள். பெட்ரோல் 75 ரூபாயாக இருந்தபோது அசோக் நகருக்கு 38 ரூபாய் செலவு. 110 ஆனதும் 55. ஏற்றம் 17 ரூபாய். கேளம்பாக்கத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர்: 450 ரூபாய் 660 ஆகிறது. ஏற்றம் 210 ரூபாய்.

தாங்கிக்கொள்வது

"அவன் இன்னும் சீட்டுக்கு 200தான் வாங்குறான்" என்று யாராவது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில் பலரும் செய்வது இதைத்தான். இரண்டு மூன்று வாரத்துக்கு என்றால் தவறில்லை. மாதக்கணக்கில் தாங்கினால் அந்தக் காசு வேறெங்கிருந்தோ வந்தாக வேண்டும். ஷாம்பூவில் தண்ணீர் கொஞ்சம் கூடும். கடைசியாக ஈரத்தை உறிஞ்ச நாலு தடவை இழுக்க வேண்டிய இடத்தில் இரண்டு தடவையோடு பையன் மெஷினைச் சுருட்டுவான், அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டுமே. சென்னைப் புழுக்கத்தில் ஈரம் தங்கிய சோபா மறுநாளே நாறும். விலையை ஏற்றாததற்காக யாரும் நமக்கு நன்றி சொல்லப்போவதில்லை. நாற்றத்துக்கு மட்டும் போன் வரும்.

எல்லோருக்கும் சேர்த்து ஏற்றுவது

ரேட்டைப் பத்து சதவீதம் ஏற்றினால் இரண்டு வீட்டிலும் 125 ரூபாய் கூடுதல். அசோக் நகரில் 17 ரூபாய் ஏற்றத்துக்கு 125 வாங்குகிறோம். கேளம்பாக்கத்தில் 210 ஏறியதற்கும் அதே 125. பக்கத்து வீட்டுக்காரர் தூரத்து வீட்டுக்காரருக்குப் பெட்ரோல் போடுகிறார். நாளடைவில் என்ன ஆகும்? பக்கத்தில் இருப்பவர் "வேற ஆள் பார்த்துக்கறேன் தம்பி" என்று நழுவுவார். தூரத்தில் இருப்பவருக்கு நம் விலை மலிவாகத் தெரியும், அங்கிருந்து அழைப்பு கூடும். லாபம் வரும் வேலை போய், நஷ்டம் வரும் வேலை பெருகும்.

ஆனால் இதில் ஒரு நிம்மதி உண்டு. விளக்கம் சொல்ல வேண்டாம், பெட்ரோல் இறங்கினால் குறைக்கவும் வேண்டாம். சம்பளம், ஷாம்பூ எல்லாம் ஏறுவதற்காக வருஷத்துக்கு ஒரு முறை ரேட்டைத் திருத்தத்தான் வேண்டும். அதைச் செய்யுங்கள், பழியைப் பெட்ரோல்மேல் போடாதீர்கள்.

பில்லில் தனியாக ஒரு வரி

மச்சினனுக்குப் பிடித்த வழி இது. "பெட்ரோல் சார்ஜ் 100" என்று பில்லின் அடியில் ஒரு வரி. பெரிய கம்பெனிகளும் செய்வதுதானே என்பான். 2023 அக்டோபரில் இண்டிகோ விமான டிக்கெட்டில் எரிபொருள் கட்டணம் என்று சேர்த்தது நிஜம். ஆனால் அதை எப்படிச் சேர்த்தது என்று பார்க்க வேண்டும். தூரத்துக்குத் தகுந்தபடி 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் வரை. எரிபொருள் விலை இறங்கியதும் 2024 ஜனவரியில் எடுத்தும்விட்டது. தூரத்துக்கேற்ற அளவு, இறங்கினால் எடுப்பது என்று இரண்டும் இருந்ததால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. எல்லா வீட்டுக்கும் ஒரே 100 என்று போட்டுவிட்டு, விலை இறங்கிய பிறகும் அதே 100-ஐ வைத்திருந்தால் அந்த நியாயம் நமக்குக் கிடைக்காது.

2022 ஏப்ரலில் ஒரு மாதம் இதைப் போட்டுப் பார்த்தான். "பெட்ரோல் உங்களுக்கு மட்டுமா ஏறிச்சு, எங்களுக்கு ஏறலையா?" என்று ஒரு அம்மா கேட்டார். பதில் இல்லை. மே 22-ஆம் தேதி கலால் வரி குறைந்து பெட்ரோல் 102 ரூபாய் 63 காசுக்கு இறங்கியது. அன்று காலையிலேயே ஒருவர் போன்: "தம்பி, எட்டு ரூபா குறைஞ்சிருக்கே, அந்த நூறு இன்னிக்கு எவ்வளவு?" அப்போதுதான் அவனுக்கு விளங்கியது. ஒரு செலவுக்குப் பெயர் வைத்துப் பில்லில் எழுதினால், அந்தச் செலவைக் கண்காணிக்கும் உரிமையையும் சேர்த்தே வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்த 100 ரூபாயும் சேவையின் மதிப்பில்தான் சேரும், அதற்கும் 18 சதவீதம் வரி உண்டு. பெட்ரோலோ ஜிஎஸ்டிக்கு வெளியே நிற்கிறது. பங்க்கில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள வழியில்லை.

மினிமம் பில்

"ஒரே ஒரு சேர்தான் சார்" என்று கூப்பிடுபவர்களுக்கு இது வேண்டும். 1,000 ரூபாய்க்குக் குறைந்து வேன் கிளம்பாது என்றால், அவரே ஒரு மெத்தையைச் சேர்த்துவிடுவார். ஆனால் இது சின்ன வேலைக்கான மருந்து, தூரத்துக்கான மருந்து அல்ல. கேளம்பாக்கம் சோபா 1,250 ரூபாயோடு இந்த வாசலைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

தூரத்துக்கு ஒரு ரேட், ஏரியாவுக்கு ஒரு நாள்

இந்த இரண்டும்தான் எனக்குச் சரியாகப் படுகின்றன, அதுவும் சேர்த்துச் செய்தால்.

முதலில் தூரம். கிலோமீட்டர் கணக்குப் போட்டால் எட்டாவது கிலோமீட்டர் எந்தத் தெருவில் முடிகிறது என்று சண்டை வரும். ஏரியா பெயரைச் சொல்லிவிடுவது நல்லது. வடபழனி, அசோக் நகர், கே.கே. நகர், சாலிகிராமம் என்றால் பயணக் கட்டணம் இல்லை. அண்ணா நகர், வேளச்சேரி, போரூர் என்றால் 150. கேளம்பாக்கம் இருக்கும் ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) கடைசி, தாம்பரம் தாண்டினால் 350. "பெட்ரோல்" என்ற சொல்லே வேண்டாம். போக்குவரத்துச் செலவு, அவ்வளவுதான். போனில் ஏரியா கேட்டவுடனே சொல்லிவிட வேண்டும், வேலை முடிந்து மெஷினைக் கட்டும்போது அல்ல. கேளம்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு இது புதிதும் இல்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு வருபவரும் தூரத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்.

பெட்ரோல் தினமும் மாறட்டும், இந்த 150-ம் 350-ம் வருஷத்துக்கு ஒரு முறை மாறினால் போதும். சென்னை ஆட்டோ மீட்டர் மாதிரி ஆகவும் விடக்கூடாது. 2013 ஆகஸ்ட்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று அரசு வைத்தது. பத்து வருஷம் தாண்டியும் காகிதத்தில் அதுவே இருந்தது. தெருவில் மீட்டர் செத்து, பேரம் பிழைத்தது. திருத்தாத ரேட் அட்டைக்கும் அதே கதிதான்.

இனி நாள் பிரிப்பது. கேளம்பாக்கத்து ஒரு சோபாவுக்குத் தனியாகப் போனால் 660 ரூபாய் பெட்ரோல். அதே நாளில் நாவலூரில் ஒன்று, சிறுசேரியில் ஒன்று என்று வழியிலேயே இரண்டு வேலை பிடித்தால் ஆளுக்கு 220. பெட்ரோல் 75 ரூபாய்க்கு விற்ற காலத்தில் தனி வேலைக்கு ஆன 450-ல் பாதிகூட இல்லை! ரேட்டை எந்த மாதிரி மாற்றினாலும் இந்த அளவு மிச்சம் கிடைக்காது. பெட்ரோலைவிடப் பெரிய செலவு ஒன்றும் இதில் மிச்சமாகிறது: போய்வரும் மூன்று மணி நேரம் இரண்டு பையன்களும் வேனில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்களே, அந்தச் சம்பளம்.

அதனால் ஓஎம்ஆர் என்றால் செவ்வாயும் சனியும். ஒரே அபார்ட்மென்ட்டில் இரண்டாவது வீடு சேர்ந்தால் இரண்டு பேருக்கும் பயணக் கட்டணம் கிடையாது. இந்தச் சலுகையைச் சொன்னதும் முதலில் கூப்பிட்ட வீட்டு அம்மாவே லிஃப்ட்டில் பார்க்கிறவர்களிடம் எல்லாம் கேட்டு ஆள் பிடித்துக் கொடுக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. குழந்தை மெத்தையில் வாந்தி எடுத்துவிட்டது, இன்றே வர முடியுமா என்று கேட்பவரிடம் "சனிக்கிழமை" என்று சொல்ல முடியாது. அவருக்கு முழுப் பயணக் கட்டணம்தான். அவசரத்தில் இருப்பவர் பெரும்பாலும் பேரம் பேசுவதில்லை.

ஆபீஸ் ஒப்பந்தம் வேறு கதை

வீடுகளில் தோற்ற தனி பெட்ரோல் சார்ஜ், ஆபீஸ்களில் ஜெயிக்கும். வருஷ ஒப்பந்தம் போட்டால் ரேட் பன்னிரண்டு மாதத்துக்குப் பூட்டிவிடும், நடுவில் பெட்ரோல் ஏறினால் முழு இடியும் நமக்கு. அதனால் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து: கையெழுத்திடும் நாளில் சென்னையில் பெட்ரோல் விலை இவ்வளவு; அது பத்து ரூபாய்க்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ ஒரு விசிட்டுக்கு இத்தனை ரூபாய் கூடும் அல்லது குறையும். எண்ணெய் நிறுவனங்கள் 2017 ஜூனிலிருந்து நாள்தோறும் விலை அறிவிக்கின்றன, யாரும் மறுக்க முடியாது. "குறையும்" என்ற சொல் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். பர்சேஸ் மேனேஜர் முதலில் தேடுவது அதைத்தான்.

6,000 சதுர அடி கார்பெட்டை வருஷத்தில் இரண்டு முறை இரவோடு இரவாகக் கழுவும் வேலைக்கு இந்த ஷரத்து தேவையே இல்லை. பில் பெரிது, பெட்ரோல் அதில் தூசு. வாரா வாரம் போய்க் காபிக் கறையை மட்டும் எடுக்கும் சின்ன விசிட்டுகளுக்குத்தான் அது உயிர்.

ஆப் வழியாக வேலை எடுப்பவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. ரேட் அவர்கள் கையில் இல்லை. தூரத்து வேலையை மறுக்க அனுமதி உண்டா, மறுத்தால் ரேட்டிங் என்ன ஆகும் என்பதுதான் அங்கே கேள்வி.

மச்சினனின் புது ரேட் அட்டையில் மூன்று ஏரியா வட்டம், இரண்டு ஓஎம்ஆர் நாள், 1,000 ரூபாய் மினிமம். மினிமத்துக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. அசோக் நகரில் ஒரு பாட்டிக்கு வருஷத்தில் ஒரு முறை ஒரே ஒரு ஈஸி சேர். 250 ரூபாய். அதை நான் கணக்கில் எழுதும்போதெல்லாம் அவன் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறான்.