எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். கற்க எம்.டி.என். போதுமா?

போதும். வலைப்பக்கத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதுவது எச்.டி.எம்.எல்., அது எப்படித் தோன்ற வேண்டும் என்று எழுதுவது சி.எஸ்.எஸ். முதலில் பணம் கட்டி ஒரு வீடியோ கோர்ஸில் சேர்ந்து, அதை முடித்துவிட்டு, அப்புறம்தான் இவற்றைச் சொல்லித்தரும் எம்.டி.என். வெப் டாக்ஸ் என்ற இணையதளத்தின் பக்கம் வந்தேன், அதனால் இரண்டையும் பார்த்தவனாகச் சொல்கிறேன். வீடியோவில் சொல்லிக்கொடுப்பவர் ஒரு வரி அடிப்பார், நானும் அடிப்பேன், திரையில் அதேபோல வரும், சந்தோஷமாக இருக்கும். வீடியோவை மூடிவிட்டு ஒரு காலி ஃபைலைத் திறந்தால் கை ஓடவில்லை. எதை அடித்தால் என்ன வரும் என்று தெரிந்திருந்ததே தவிர, ஏன் வருகிறது என்று அந்த கோர்ஸில் யாரும் சொல்லவில்லை.

எம்.டி.என். என்பது ஃபயர்பாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா 2005-இல் தொடங்கிய தளம். இலவசம், லாகின்கூட வேண்டாம். வேலையில் இருப்பவர்கள் சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கிற இடம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள், ஆனால் புதிதாகக் கற்பவர்களுக்கென்றே அதில் தனிப் பாடப் பகுதி இருக்கிறது. கட்டாயம் படிக்க வேண்டியது அதில் வரும் பாக்ஸ் மாடல் பாடம், பக்கத்தில் இருக்கும் ஒவ்வொன்றையும் பிரவுசர் ஒரு பெட்டியாகவே பார்க்கிறது என்பதைச் சொல்வது. ஒரு பெட்டிக்கு அகலம் 350 பிக்சல் என்று எழுதுகிறீர்கள், பேடிங் (உள்ளே விடும் இடைவெளி) 25, பார்டர் (சுற்றுக் கோடு) 5. திரையில் அது 350 பிக்சல் இடம் பிடிக்காது, இரண்டு பக்கமும் பேடிங், பார்டர் எல்லாம் சேர்ந்து 410 பிடிக்கும், ஏனென்றால் நீங்கள் கொடுத்த அகலம் உள்ளே இருக்கும் விஷயத்துக்கு மட்டும்தான். பாதிப் பாதி அகலம் கொடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த இரண்டு பெட்டிகளில் ஒன்று ஏன் கீழே போய் விழுகிறது என்று நான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தேன், இந்தக் கூட்டல் கணக்கைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. சி.எஸ்.எஸ்.ஸில் பாக்ஸ் சைஸிங் என்ற அமைப்பை பார்டர் பாக்ஸ் என்று மாற்றினால் பேடிங்கும் பார்டரும் அந்த அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும். இதை ஒரு வரியாக மனப்பாடம் செய்வது வேறு, எதற்கு என்று புரிந்து எழுதுவது வேறு.

படிக்கும்போது பிரவுசரில் எஃப்12 அழுத்தி டெவலப்பர் டூல்ஸையும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் வரிகளைக் காட்டும் பகுதி அது. சி.எஸ்.எஸ்.ஸில் தப்பு செய்தால் பிரவுசர் சத்தமே போடாது, புரியாத வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். ஒரு வரி முடிவில் செமிகோலன் விட்டுப்போனால் அந்த வரி, அதற்கு அடுத்த வரி இரண்டுமே வேலை செய்யாது. பக்கத்தை உற்றுப் பார்த்துப் பயனில்லை, டெவலப்பர் டூல்ஸில்தான் அந்த வரி கோடு போட்டு அடிக்கப்பட்டிருப்பது தெரியும்.

எச்.டி.எம்.எல். பாடங்களில் தலைப்பு, பத்தி, லிங்க், படம் என்று ஒவ்வொன்றாக வரும், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும்: எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக எச்1 என்ற தலைப்புக் குறியைப் போடக்கூடாது, அது தலைப்பு என்பதால்தான் போட வேண்டும், திரையில் இருப்பதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிப்பவர்கள் தலைப்புகளைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தில் நகர்கிறார்கள் என்று எம்.டி.என். ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுக்கிறது. இதற்காகவே அந்தத் தளத்தின் மீது எனக்குத் தனி மரியாதை.

பாடங்கள் தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும், பக்கங்களும் நீளம். ஒரே மூச்சில் படிக்காதீர்கள், ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும், அதிலிருக்கும் உதாரணத்தில் எண்களை மாற்றி மாற்றிப் பாருங்கள். பெட்டிகளை வரிசையாக அடுக்க உதவும் ஃப்ளெக்ஸ்பாக்ஸ் வரும்போது வாசிப்பு மட்டும் பத்தாது, அதற்கு ஃப்ளெக்ஸ்பாக்ஸ் ஃப்ராகி என்ற இலவச விளையாட்டு இருக்கிறது, தவளைகளைத் தாமரை இலைகளில் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும், மொத்தம் 24 கட்டங்கள். பெட்டிகளை நகர்த்தும் கட்டளைகளில் ஜஸ்டிஃபை கன்டென்ட் எந்தத் திசை, அலைன் ஐட்டம்ஸ் எந்தத் திசை என்ற குழப்பம் எனக்கு அங்கேதான் தீர்ந்தது. வரிசை, பத்தி என்று கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட் அதற்கு அப்புறம். பக்கத்தை இயங்க வைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பாடங்களும் எம்.டி.என்.னிலேயே இருக்கின்றன, ஆனால் எதையும் பார்க்காமல் ஒரு பக்கத்தை முழுதாக எழுத வரும் வரை ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் போக வேண்டாம்.