பல இயங்குதளங்களில் ஒரே விபிஎன் தானியக்கம்: சில வருடப் பராமரிப்புக்குப் பிறகு

விபிஎன் (இணையத்தின் ஊடே குறியாக்கம் செய்த தனிப்பாதை) சர்வர் ஒன்றை நிறுவுவது இன்று பெரிய வேலையே இல்லை. ஆயத்த ஸ்கிரிப்ட் ஒன்றை இறக்கி ஓட்டினால், நாலு கேள்வி கேட்டுவிட்டு கிளையன்ட் கோப்பைக் கையில் கொடுத்துவிடும். அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு அப்புறம் வரும் வருடங்களைப் பற்றித்தான் அதிகம் படிக்கக் கிடைப்பதில்லை. உபுண்டு, டெபியன், சென்ட்ஓஎஸ், அதன் இடத்துக்கு வந்த ராக்கி, ஆல்மா, இடையில் ஓரிரு ஃப்ரீபிஎஸ்டி என்று பல இயங்குதளங்கள் கலந்திருக்கும் சர்வர்களில் ஒரே தானியங்கி அமைப்பை வைத்து விபிஎன்னைப் பராமரித்து வருகிறேன். முதலில் ஓப்பன்விபிஎன் என்ற விபிஎன் மென்பொருள் மட்டும் இருந்தது. இப்போது வயர்கார்டும் சேர்ந்து ஓடுகிறது. ஷெல் ஸ்கிரிப்ட்டில் தொடங்கிய வேலை, பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவியான ஆன்சிபிளுக்கு மாறியிருக்கிறது.

இத்தனை காலத்தில் விபிஎன் மென்பொருளால் வந்த தொல்லை மிகக் குறைவு. சுற்றியிருப்பவைதான் படுத்தும்: கெர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி), ஃபயர்வால், பேக்கேஜ் ரெப்போ (மென்பொருள்களை இறக்கும் களஞ்சியம்), சான்றிதழின் ஆயுள்.

ஒரு சின்ன உதாரணம். ஓப்பன்விபிஎன் தொடங்கியதும் ரூட் (நிர்வாகி) உரிமையை விட்டுவிட்டு நோபடி என்ற பயனராக ஓடும்படி அமைப்பது வழக்கம். அந்தப் பயனரின் குழுவுக்கு டெபியனிலும் உபுண்டுவிலும் நோகுரூப் என்று பெயர். ரெட்ஹேட் குடும்பத்தில் (சென்ட்ஓஎஸ், ராக்கி, ஆல்மா) நோபடி என்றே பெயர். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அது பொருந்தாவிட்டால் சேவை தொடங்கவே தொடங்காது. இப்படி நாலைந்து வரிகள் சேர்ந்தால் ஸ்கிரிப்ட் முழுக்க 'இந்த இயங்குதளமா, அந்த இயங்குதளமா' என்ற கிளைகளாகிவிடும். அதனால் பெயரைப் பார்த்து முடிவெடுப்பதை முடிந்தவரை விட்டுவிட்டேன். அந்தக் குழு இந்தச் சர்வரில் இருக்கிறதா என்று ஸ்கிரிப்ட் நேரடியாகக் கேட்கும். இருந்தால் அது, இல்லாவிட்டால் மற்றது. நெட்வொர்க் இன்டர்ஃபேஸுக்கும் இதே வழிதான். ஈத்0 என்று எழுதி வைத்த விதி, இஎன்எஸ்3 என்று பெயர் வைத்திருக்கும் சர்வரில் சத்தமில்லாமல் வேலை செய்யாது. விபிஎன் இணையும், ஹேண்ட்ஷேக் (இரு முனைகளும் சாவி பரிமாறி ஒப்புக்கொள்வது) நடக்கும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. வெளியே போகும் இயல்பு வழி எந்த இன்டர்ஃபேஸில் இருக்கிறது என்று ரூட்டிங் அட்டவணையிடமே கேட்டுவிட்டால் பெயர் என்னவாக இருந்தாலும் கவலையில்லை.

கெர்னல் கதை வயர்கார்டுக்கே உரியது. 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6இல் அது கெர்னலுக்குள்ளேயே சேர்ந்துவிட்டது. உபுண்டு 20.04இன் 5.4 கெர்னலிலும் பின்னோக்கிச் சேர்த்துக் கொடுத்தார்கள். டெபியன் 11இல் 5.10 என்பதால் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சென்ட்ஓஎஸ் 7இல் 3.10, 8ஆம் வரிசையில் 4.18. அங்கே வெளி ரெப்போவிலிருந்து மாட்யூலை (கெர்னலில் ஏற்றும் துண்டு) கொண்டுவர வேண்டும், அல்லது டிகேஎம்எஸ் என்ற கருவி மூலம் அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும். கட்டும் வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. புதுக் கெர்னல் அப்டேட்டில் வந்து, அதற்கான ஹெடர் பேக்கேஜ் (மாட்யூல் கட்டத் தேவையான கோப்புகள்) கூடவே வராவிட்டால், மாட்யூல் கட்டப்படாது. ரீபூட் ஆகும்வரை யாருக்கும் தெரியாது. ரீபூட்டுக்குப் பிறகு விபிஎன் இன்டர்ஃபேஸ் எழாது. தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் எஸ்எஸ்எச்சும் விபிஎன் வழியாக மட்டும்தான் என்று இறுக்கி வைத்திருந்தால் உள்ளே போக வழியே இருக்காது. ஆகவே இந்த வகைச் சர்வர்களில் ரீபூட்டுக்கு முன், அடுத்து ஏறப்போகும் கெர்னலுக்கு மாட்யூல் தயாராக இருக்கிறதா என்று பார்ப்பதை ஒரு கட்டாயப் படியாக வைத்திருக்கிறேன். இல்லையென்றால் ரீபூட் நடக்காது.

மலிவாகக் கிடைக்கும் கன்டெய்னர் வகை விபிஎஸ்களில் (வாடகை மெய்நிகர் சர்வர்களில்) கெர்னலே நம் கையில் இல்லை. டன் சாதனத்தை (விபிஎன்னுக்கான மெய்நிகர் இன்டர்ஃபேஸ்) வழங்குநர் திறந்துவிட்டால் ஓப்பன்விபிஎன்னோ, பயனர் தளத்தில் ஓடும் வயர்கார்ட்-கோவோ ஓட்டலாம். முடியும் என்பதற்காகச் செய்யத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம் என்பேன். முழு மெய்நிகர் இயந்திரம் எடுத்துக்கொள்வதே நிம்மதி.

ஃபயர்வாலில்தான் என் நேரம் அதிகம் போயிருக்கிறது. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ, ரெட்ஹேட் வழியில் ஃபயர்வால்டி, டெபியனில் பெரும்பாலும் எதுவும் இல்லாத வெறும் என்எஃப்டேபிள்ஸ். டெபியன் 10இலிருந்து ஐபிடேபிள்ஸ் கட்டளையே உள்ளுக்குள் என்எஃப்டேபிள்ஸைத்தான் பயன்படுத்துகிறது. இங்கே பலரைக் குழப்பும் ஒரு விஷயம் உண்டு. பழைய ஐபிடேபிள்ஸ் பழக்கத்தில், ஒரு சங்கிலியின் (விதிகளின் வரிசை) தலையில் 'அனுமதி' என்று போட்டால் பேக்கெட் போய்விடும் என்று நினைப்போம். என்எஃப்டேபிள்ஸில் ஒரே கட்டத்தில் பல அட்டவணைகளின் சங்கிலிகள் தொங்கிக்கொண்டிருக்கலாம். ஒன்று அனுமதித்தாலும் பேக்கெட் அடுத்த சங்கிலியையும் தாண்ட வேண்டும். அங்கே தடுத்தால் தடுத்ததுதான். ஃபயர்வால்டி ஓடும் சர்வரில் விபிஎன் ஸ்கிரிப்ட் தன் பங்குக்குத் தனி விதி செருகினால் நடப்பது இதுதான். விதி இருக்கிறது, எண்ணிக்கையும் ஏறுகிறது, ஆனாலும் டிராஃபிக் போகாது. அதே சர்வரில் கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கரும் இருந்தால் அது ஃபார்வர்ட் சங்கிலியின் (சர்வர் வழியாகக் கடந்துபோகும் பேக்கெட்டுகளுக்கானது) இயல்பு முடிவைத் தடுப்பு என்று மாற்றிவைக்கும். யுஎஃப்டபிள்யூவின் இயல்புநிலையும் ஃபார்வர்டைத் தடுப்பதுதான்.

என் அமைப்பில் இப்போது ஒரே சட்டம்: ஒரு சர்வருக்கு ஒரு ஃபயர்வால் மேலாளர். ஃபயர்வால்டி ஓடினால் அதன் ஸோன் வழியாகவே எல்லாம், யுஎஃப்டபிள்யூ ஓடினால் அதன் ரூட் விதி வழியாகவே எல்லாம். இரண்டும் இல்லாவிட்டால்தான் நம்முடைய தனி அட்டவணை. இரண்டும் ஓடினால் ஸ்கிரிப்ட் எதையும் தொடாமல் நின்றுவிடும். அப்படி நிற்பதைப் பார்த்துச் சிலர் எரிச்சலடைகிறார்கள். யூகித்துக்கொண்டு தொடர்வதைவிட நிற்பது எவ்வளவோ மேல்.

ரெட்ஹேட் வழியில் எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கும் உண்டு. ஓப்பன்விபிஎன் 1194 தவிர வேறு போர்ட்டில் ஓட வேண்டுமானால் அந்தப் போர்ட்டுக்கு உரிய லேபிள் கொடுக்க வேண்டும். அதற்கான கருவி இருக்கும் பேக்கேஜின் பெயர் 7ஆம் வரிசைக்கும் 8ஆம் வரிசைக்கும் இடையில் மாறியது. எஸ்இலினக்ஸை அணைத்துவிடும் ஆயத்த ஸ்கிரிப்ட்களை நான் தொடுவதில்லை.

சரி, எல்லாம் ஓடுகிறது. ஒரு நாள் காலையில் யாராலும் இணைய முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் ஓடுகிறது, போர்ட் திறந்திருக்கிறது, கண்காணிப்பில் எல்லாம் பச்சை. ஓப்பன்விபிஎன்னில் இப்படி நடந்தால் நான் முதலில் பார்ப்பது ரத்துப் பட்டியலை. நீக்கப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலுக்கும் ஓர் ஆயுள் உண்டு. சான்றிதழ்களை உருவாக்கும் கருவியான ஈஸி-ஆர்எஸ்ஏவின் இயல்புநிலையில் அது 180 நாள். அது காலாவதியானால், ரத்து செய்யப்பட்டவர் மட்டுமல்ல, எல்லோருமே வெளியே. லாகில் பட்டியல் காலாவதி என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். சர்வர் சான்றிதழுக்கு 825 நாள், அதைக் கையொப்பமிடும் தலைமைச் சான்றிதழுக்குப் பத்து வருடம் என்று அதிலேயே வேறு கடிகாரங்களும் ஓடுகின்றன. பட்டியலை மாதம் ஒருமுறை புதுப்பிக்க சிஸ்டம்டி டைமர் ஒன்று போட்டுவிட்டால் இந்தக் கவலை போய்விடும். புதுப்பித்த கோப்பை நோபடி பயனர் படிக்க முடிகிறதா என்பதையும் அந்த டைமரே சரிபார்க்க வேண்டும். சர்வர் ரூட் உரிமையை விட்ட பிறகுதான் அந்தக் கோப்பைத் திரும்பப் படிக்கிறது.

வயர்கார்டில் இந்தக் கடிகாரம் எதுவும் இல்லை. அதில் எனக்குப் பிடித்ததும் அதுதான், பயமும் அதுதான். ஒருவருடைய சாவியைச் சேர்த்தால், நாமாக எடுக்கும்வரை அது உள்ளேயே இருக்கும். வேலையை விட்டுப் போனவரின் சாவி வருடக்கணக்கில் செல்லும். கடைசி ஹேண்ட்ஷேக் நேரத்தை வயர்கார்டே காட்டுகிறது என்பதால், நெடுநாளாக எட்டிப்பார்க்காத சாவிகளை ஒரு பட்டியலாக எடுத்து, உரியவரைக் கேட்டு நீக்குகிறேன். மற்றவர்களின் இணைப்பு அறுபடாமல் மாற்றத்தை மட்டும் ஏற்றும் வசதி அதில் இருப்பதால் பகல் நேரத்திலேயே இதைச் செய்யலாம்.

இயங்குதள மேம்பாட்டின்போது கிளையன்ட் பக்கத்தையும் நினைவில் வைக்க வேண்டும். டெபியன் 12க்குப் போனால் ஓப்பன்விபிஎன் 2.6 வரும். அது பழைய ப்ளோஃபிஷ் குறியாக்கத்தை இயல்பாக ஏற்காது. பல வருடம் முன்பு கொடுத்த கோப்பு இன்னும் யாருடைய ஃபோனிலாவது இருக்கும். மேம்பாட்டுக்கு முன்பே புதிய குறியாக்கங்களைப் பட்டியலில் சேர்த்து, யார் இன்னும் பழையதில் இணைகிறார்கள் என்று லாகில் பார்த்து, அவர்களுக்குப் புதுக் கோப்பு அனுப்பிவிடுவதுதான் என் முறை.

பேக்கேஜ் ரெப்போ பற்றியும் சொல்ல வேண்டும். சென்ட்ஓஎஸ் 8க்கான ஆதரவு 2021 இறுதியிலும், 7க்கானது 2024 ஜூன் 30இலும் முடிந்தன. அப்படி முடிந்த அன்று விபிஎன் எதுவும் நிற்காது. மிரர் (ரெப்போவின் நகல்) முகவரிகள் பதில் சொல்லாமல் போவது, அடுத்து ஏதாவது நிறுவ முயலும்போதுதான் தெரியும். ஆன்சிபிளுக்கும் இதே கதை. 2024இல் வந்த ஆன்சிபிள்-கோர் 2.17, எதிர்முனையில் (அது நிர்வகிக்கும் சர்வரில்) பைதான் 2.7ஐயும் 3.6ஐயும் கைவிட்டது. அதாவது 7ஆம், 8ஆம் வரிசைச் சர்வர்களின் பேக்கேஜ் மேலாண்மையைத் தொட முடியாமல் போகும். 2.16ஐத் தனி மெய்நிகர் சூழலில் வைத்துப் பழைய சர்வர்களை ஓட்டினேன்.

உபுண்டு 22.04இல் பேக்கேஜ் நிறுவிய பிறகு எந்தெந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்யலாம் என்று நீட்ரீஸ்டார்ட் என்ற கருவி ஒரு பெட்டியைக் காட்டிக் காத்திருக்கும். ஷெல் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும். கேள்வி கேட்காதே என்ற சூழல் மாறியைப் போட்டால் தீர்ந்தது.

இவை எல்லாவற்றையும் தாங்க வைத்தது ஒரே முடிவுதான்: சாவிகளும் பயனர் பட்டியலும் சர்வரில் பிறப்பதில்லை. அவை குறியாக்கம் செய்த ஒரு கோப்பில், சர்வருக்கு வெளியே இருக்கின்றன. சர்வர் அதன் நகல் மட்டும்தான். ஆயத்த ஸ்கிரிப்ட்கள் பலவும் சாவியைச் சர்வரிலேயே உருவாக்கி அங்கேயே விட்டுவிடுகின்றன. முதல் நாளில் வசதிதான். இயங்குதளத்தை மாற்றும் நாளில் எல்லோருக்கும் மறுபடி கோப்பு அனுப்ப வேண்டியிருக்கும். சாவி வெளியே இருந்தால் சென்ட்ஓஎஸ் 7ஐ மேம்படுத்தப் போராட வேண்டாம். பக்கத்தில் ஒரு டெபியனை எழுப்பி, அதே சாவியை ஏற்றி, டிஎன்எஸ் பெயரைத் திருப்பிவிட்டால் போதும். ஒன்றை மட்டும் பயனர்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வயர்கார்ட், சர்வரின் பெயரை இணைப்பு எழும்போது மட்டுமே முகவரியாக மாற்றுகிறது. ஆகவே பெயர் திரும்பிய பிறகு அவர்கள் இணைப்பை ஒருமுறை அணைத்து மறுபடி போட வேண்டும்.

ஃப்ரீபிஎஸ்டியை இந்தப் பொது அமைப்புக்குள் திணிக்கவில்லை. 13.2இலிருந்து அதன் கெர்னலிலும் வயர்கார்ட் இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. ஆனால் பிஎஃப் என்ற அதன் ஃபயர்வால், கோப்பு இடங்கள், சேவை அமைப்பு எல்லாம் வேறு. பயனர் பட்டியல் மட்டும் பொது, மற்றதெல்லாம் ஆன்சிபிளில் தனி ரோல் (பணித்தொகுப்பு).

இப்போது புதிதாக எழுப்புவதெல்லாம் டெபியனும் வயர்கார்டும்தான். யுடிபியைத் தடுக்கும் நெட்வொர்க்குகளில் மாட்டிக்கொள்பவர்களுக்காக மட்டும், டிசிபி 443இல் ஓர் ஓப்பன்விபிஎன் இருக்கிறது. வயர்கார்டு யுடிபியில் மட்டும்தான் ஓடும், டிசிபி கிடையாது. ராக்கி 8, ஆல்மா 8 இரண்டுக்கும் 2029 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு என்றாலும், 4.18 கெர்னலுக்கு வெளி மாட்யூல் தேட வேண்டியிருப்பதால் அவற்றையும் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழையதும் புதியதும் சில வாரம் சேர்ந்தே ஓடும். பழைய சர்வரில் கடைசி ஹேண்ட்ஷேக் ஒரு வாரமாக எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அதை அணைக்கிறேன்.