உபரிக் கப்பல் விற்கப் போறீங்களா? என் கதையைக் கேட்டுட்டுப் போங்க

மாற்று வரலாற்று ஆட்டம் ஆடுற மக்களே, "பழைய போர்க்கப்பல் இருந்தா குடுங்க, தவணையில தர்றேன்" என்று யாராவது தனிச்செய்தியில் வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். நான் நிற்கவில்லை.

எங்கள் ஆட்டம் 1902இல் தொடங்கும். ஆளுக்கு ஒரு நாடு, எனக்குச் சிலி. நிஜத்தில் அந்த ஆண்டு மே 28ஆம் தேதி சிலியும் அர்ஜென்டினாவும் ஒப்பந்தம் போட்டுக் கடற்படைப் போட்டியை நிறுத்திக்கொண்டன. எங்கள் ஆட்டத்தில் அந்த ஒப்பந்தமே கிடையாது, வரலாறு பிரிகிற இடம் அதுதான். அதனால் இங்கிலாந்தில் கட்டிக்கொண்டிருந்த கான்ஸ்டிடுசியோன், லிபர்டாட் என்ற போர்க்கப்பல்கள் இரண்டும் முழுசாக என் தலையில் வந்து விழுந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு 10 அங்குல பீரங்கி, 14 எண்ணிக்கையில் 7.5 அங்குல பீரங்கி. பார்க்க அழகுதான். ஆனால் சிலியின் முக்கிய வருமானமே அட்டகாமா பாலைவனத்து நைட்ரேட் உப்புதான். நடுவர் ஒரு சுற்றில் உப்பு விலையை இறக்கிவிட, மாலுமிகளுக்குச் சம்பளம் கொடுக்கக்கூட வழியில்லை.

அந்த நேரம் பார்த்து ஒட்டோமான் துருக்கி ஆடுபவர் வந்தார். "அண்ணே, ரஷ்யா என்னை நெருக்குது. அந்த ரெண்டையும் குடுங்க, ஆறு தவணையில கட்டிடறேன்." அண்ணே என்றதும் உருகிவிட்டேன். கப்பல்களை முதல் சுற்றிலேயே அனுப்பினேன். இரண்டு தவணை ஒழுங்காக வந்தது. மூன்றாவதுக்கு "அடுத்த சுற்று அண்ணே". நான்காவதுக்குப் பதிலே இல்லை.

ஐந்தாவது சுற்றில் செய்தி வந்தது: துருக்கி, இத்தாலி, அர்ஜென்டினா மூன்றும் கூட்டணி. என் கப்பல்கள் இரண்டும் அர்ஜென்டினாவுக்குக் கைமாறிவிட்டன. அடுத்த சுற்றில் அதே கப்பல்கள் வேறு கொடியோடு என் வால்பரைசோ துறைமுகத்தை மறித்து நின்றன. எதிர்த்து நிற்க நான் அனுப்பியது பழைய போர்க்கப்பல் கேப்டன் பிராட். அது எத்தனை நேரம் தாங்கியது என்று கேட்காதீர்கள்.

தோற்ற பிறகுதான் நிஜ ஒப்பந்தத்தை உட்கார்ந்து படித்தேன். இரண்டு நாடுகளில் ஒன்றோடு தீராத தகராறு உள்ள நாட்டுக்குக் கப்பலை விற்கக் கூடாது என்று அப்போதே எழுதி வைத்திருக்கிறார்கள். 1903 டிசம்பரில் இந்த இரண்டையும் பிரிட்டன் வாங்கியதற்கும் ரஷ்யா கையில் போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். கப்பலின் விலையைவிட அது அடுத்து யார் கைக்குப் போகும் என்பதில்தான் அவர்களுக்குக் கவலை. நானோ விலையை மட்டும் பேசினேன். மறுவிற்பனைக்கு என் சம்மதம் வேண்டும், கூட்டணி மாறினால் கப்பல் திரும்ப வேண்டும், கடைசித் தவணை வரும்வரை என் கொடிதான் பறக்கும்: மூன்று வரி எழுதி நடுவர் கையெழுத்து வாங்கியிருந்தால் போதும்.

இதுவரை என் முட்டாள்தனம். இனிமேல்தான் ஏமாற்று. துருக்கிக்காரர் எனக்கு எழுதிய எல்லாச் செய்தியிலும் துறைமுகத்தின் பெயர் "வால்பாறைசோ" என்றிருந்தது. நம்ம வால்பாறையேதான். சிரித்துவிட்டு விட்டிருந்தேன். அர்ஜென்டினா அனுப்பிய முற்றுகை அறிவிப்பைத் திறந்தால் அதிலும் "வால்பாறைசோ". ஒரே ஆள், இரண்டு கணக்கு!

நடுவரிடம் இரண்டையும் படமெடுத்து அனுப்பினேன். "எழுத்துப்பிழை ஆதாரம் ஆகாது ப்ரோ, கையெழுத்துப் போட்டது நீங்கதானே" என்றார். இந்த சீசனுக்குக் கட்டிய 300 ரூபாயைக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை.

போன வாரம் வேறொரு குழுவில் புது ஆட்டம் சேர்ந்தேன். பிரேசில் ஆடுபவர் ஒருவர் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்: "அண்ணே, சும்மா நிக்கிற குரூசர் ஏதாச்சும் இருக்கா? வால்பாறைசோ பக்கம் ஒரு வேலை இருக்கு."