பாளையங்கோட்டையில் பார்த்த கூடாரக் கோளரங்கம்

பாளையங்கோட்டைப் பள்ளி மைதானம் ஒன்றில் காற்றடைத்து நிறுத்தியிருந்த கூடாரக் கோளரங்கத்தில், பேரண்டத்தில் உயிர் முதலில் எங்கே தோன்றியிருக்கக்கூடும் என்ற 40 நிமிடக் காட்சியை மகளுடன் பார்த்தேன். தலைக்கு 60 ரூபாய், கொடுத்த காசு வீண்போகவில்லை.

சனிக்கோளின் நிலவான என்செலடசின் தென்முனையில், பனி ஓட்டின் பிளவுகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் பீறிடுவதை 2005இல் காசினி விண்கலம் கண்டறிந்ததைக் கூரை முழுக்க விரித்துக் காட்டியபோது, குற்றாலச் சாரல் முகத்தில் அடித்ததுபோல் மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தத் துகள்களில் உப்பும் கரிமச் சேர்மங்களும் இருந்ததையும், நம் கடலடி வெந்நீர் ஊற்றுகளில் சூரிய ஒளி எட்டாமலேயே நுண்ணுயிர்கள் வாழ்வதையும் இணைத்துச் சொன்ன விதம் அருமை. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த, புரதங்களின் அடிப்படைக் கூறுகளான அமினோ அமிலங்கள் கொண்ட விண்கல்லும் வந்துபோனது.

பேரண்டம் பிறந்து 1 கோடி முதல் 1.7 கோடி ஆண்டுகளுக்குள் வெளி முழுவதுமே நீர் உறையாத இதமான வெப்பத்தில் இருந்தது என்று விளக்கியவர்கள், உயிருக்குத் தேவையான கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களுக்குள் உருவான பிறகே கிடைத்தன என்பதை ஒரே வரியில் கடந்தது மட்டும் எனக்கு உறுத்தியது. கேள்வியின் உயிர்நாடியே அதுதான். காற்றூதியின் இரைச்சலில் விளக்கவுரை அமுங்குவதால், வாசலை விட்டுத் தள்ளி உட்காருங்கள்.