டிஸ்க் நிறைந்துவிட்டது என்று சொன்னால் உடனே பணம் கட்டிவிடாதீர்கள்

சிறிய கடையோ தொழிலோ நடத்திக்கொண்டு, அதன் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள வெளியாட்களை நம்பியிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுவதும் படியுங்கள். கம்ப்யூட்டர் தெரியாது என்பதற்காக என்னிடம் 24,000 ரூபாய் வாங்கினார்கள். ஓண வியாபாரமும் அதோடு போனது.

குமுளியில் சோதனைச் சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் ஏலக்காய்க் கடை இருக்கிறது. அப்பா வைத்த கடை. 2021 முதல் இணையத்திலும் விற்கிறோம். பாதிக்குமேல் மதுரை, கோவை, சென்னை ஆர்டர்கள். ஓணம் நெருங்கினால் பாயசத்துக்கு ஏலக்காய் கேட்டுக் கொச்சியிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் குவியும். தளம் இயங்கும் கணினியான சர்வரை இரவு பகலாகக் கண்காணிக்கிறோம் என்று சொன்ன ஒரு நிறுவனத்துக்கு மாதச் சந்தா கட்டிவந்தேன்.

2024 பிப்ரவரியிலிருந்து மாதம் ஒருமுறை அவர்களிடமிருந்து ஒரு படம் வரும். சிவப்பு வட்டம், நடுவில் 93 சதவீதம் அல்லது 95. "டிஸ்க் நிறைகிறது, சுத்தம் செய்ய வேண்டும்" என்பார்கள். ஒரு தடவைக்கு 1,500 ரூபாய். கட்டியதும் வட்டம் பச்சையாகிவிடும். நான்கு மாதம் இப்படியே போனது. ஜூன் மாதம், "80 ஜிபி உங்களுக்குப் போதாது, 160 ஆக்கிவிடலாம்" என்று ஒரு வருடத்துக்கு 18,000 வாங்கினார்கள். மறுநாள் காலை வந்த படத்தில் 40 சதவீதம். இடம் இரண்டு மடங்கானால் சதவீதம் பாதியாவது சரிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. திருவோணத்துக்குச் சரியாக ஒரு வாரம். காலையில் மதுரையிலிருந்து ஓர் அம்மா போனில் அழைத்தார். "பணம் போய்விட்டது தம்பி, ஆர்டர் எண் வரவில்லை." அடுத்து இன்னொருவர். பதினொரு மணிக்குள் பதினேழு பேர். தளத்தைத் திறந்தால் முகப்புப் பக்கம் அழகாக வருகிறது, ஆனால் கூடையில் எதைப் போட்டாலும் மறைந்துவிடுகிறது. நிறுவனத்தை அழைத்தேன். "எங்கள் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது" என்றார்கள். முகப்புப் பக்கம் திறக்கிறதா என்பதை மட்டும்தான் அந்தப் பச்சை சொல்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. ஆர்டர்கள் பதிவாகும் டேட்டாபேஸ் எழுத இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்ததை அது பார்க்கவே இல்லை.

நல்ல வேளையாக அக்கா மகன் கம்பத்துக்கு விடுமுறையில் வந்திருந்தான். கொச்சி காக்கநாட்டில் சர்வர் வேலைதான் பார்க்கிறான். லோயர் கேம்ப் மலைப்பாதை ஏறி மதியத்துக்குள் வந்துவிட்டான். சர்வர் கணக்கு என் பெயரில் இருந்ததால் உள்ளே போக முடிந்தது. உங்கள் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

அவன் முதலில் டிஸ்க்கில் எவ்வளவு இடம் போயிருக்கிறது என்று மொத்தமாகச் சொல்லும் டிஎஃப் என்ற கட்டளையைக் கொடுத்தான். மொத்தம் 79 ஜிபி, பயன்பட்டது 75, மீதி 0, 100 சதவீதம். இரண்டு இடத்தில் எனக்கு இடித்தது. 160க்குப் பணம் கட்டியிருக்கிறேன், 79 எப்படி வரும்? 79இல் 75 போனால் 4 இருக்க வேண்டாமா?

இரண்டாவதற்கு நியாயமான காரணம் இருந்தது. கோப்புகளை டிஸ்க்கில் அடுக்கி வைக்கும் முறைதான் ஃபைல் சிஸ்டம். அதில் இ.எக்ஸ்.டி.4 வகை, இடத்தில் 5 சதவீதத்தை ரூட் எனும் நிர்வாகிப் பயனருக்கென்று வழக்கமாக ஒதுக்கி வைக்குமாம். முதலாவதற்கு எந்த நியாயமும் இல்லை. பெரிய டிஸ்க்கை இணைத்துவிட்டு, டிஸ்க்கின் பகுப்பான பார்ட்டிஷனையும் ஃபைல் சிஸ்டத்தையும் அதற்கேற்ப நீட்டாமலேயே விட்டிருந்தார்கள். பாதி டிஸ்க் ஜூனிலிருந்து தொடப்படாமல் கிடந்தது. வட்டத்தில் சதவீதம் மட்டும் தெரியும், மொத்த அளவு தெரியாது. அதனால் எனக்குத் தெரிய வழியே இல்லை. ஆனால் அவர்களுக்குத் தெரியும். வேலை முடிந்த அன்று அவர்களே டிஎஃப் கொடுத்துப் பார்த்தது கட்டளை வரலாற்றில் பதிவாகியிருந்தது.

பிறகு டியூ என்ற கட்டளையை ரூட் அனுமதியோடு கொடுத்தான். கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும் கட்டளை அது. 30 ஜிபி என்றது. ஒன்று 75 என்கிறது, மற்றொன்று 30 என்கிறது. நடுவில் 45 ஜிபி எங்கே?

"தேக்கடி ரோட்டு லாட்ஜில் பேரேட்டில் பெயரை அடித்துவிட்டால் அறை காலியாகிவிடுமா மாமா? ஆள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும் அல்லவா?" என்றான்.

எங்கள் சர்வரை இயக்கும் லினக்ஸில் ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர்தான் போகும். நிரல் அதை மூடும்வரை இடம் திரும்பாது, நிரலும் எழுதிக்கொண்டே இருக்கும். பெயர் இல்லாததால் டியூவின் கணக்கில் அது வராது, டிஎஃப்பின் கணக்கில் வரும். திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் என்ற கட்டளையில் அந்தக் கோப்பு கண்முன் வந்து நின்றது: தளத்தின் பக்கங்களை அனுப்பும் நிரலான என்ஜின்எக்ஸ் பிடித்து வைத்திருக்கும் பிழைப் பதிவு, 45 ஜிபி, பக்கத்தில் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. ஏதோ சோதனைக்காக, ஒவ்வொரு சிறு அசைவையும் பதியும் டீபக் நிலையில் வைத்ததைத் திரும்ப மாற்றவே இல்லை. ஞாயிறுதோறும் அந்தப் பதிவுக் கோப்பை அழிக்க ஒரு கட்டளையை எழுதி வைத்தவர்கள், என்ஜின்எக்ஸுக்கு அதைத் தெரிவிக்கும் ஒரு வரியை எழுதவில்லை.

மாதாமாதம் நடந்த 'சுத்தம்' என்னவென்றும் அப்போதுதான் புரிந்தது. சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டிருக்கிறார்கள். பிடி விட்டதும் இடம் திரும்பியிருக்கிறது. ஜூனில் 40 சதவீதம் வந்ததும் அதே ரீஸ்டார்ட்டால்தான். அதற்கு 18,000 ரூபாய். ஆகஸ்டில் மறுபடி ஏறத் தொடங்கியதும் எச்சரிக்கை அளவை 90இலிருந்து 98க்கு உயர்த்தியிருக்கிறார்கள். அந்த 98க்கான மின்னஞ்சலும் அவர்களுக்கு மட்டுமே போயிருக்கிறது. இதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நாங்கள் தராசை வைத்துப் பிழைப்பவர்கள். சாக்கின் எடையைக் கழிக்காமல் ஒரு கிலோ ஏலக்காய் போட்டால் ஊரில் எங்கள் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள்.

என்ஜின்எக்ஸை ரீலோட் செய்ததும் சில விநாடிகளில் 100 என்பது 40 ஆனது. தளம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபைல் சிஸ்டத்தையும் நீட்டினான். 79 இருந்த இடத்தில் 157 வந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் அந்த ஒரு நாளில் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று எனக்குக் கணக்கே இல்லை.

ஆகவே, டிஸ்க் நிறைந்துவிட்டது என்று யாராவது சொன்னால் டிஎஃப், டியூ இரண்டின் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் காரணம் தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். ரீஸ்டார்ட் செய்ததும் இறங்கி மறுபடி ஏறுகிறதா என்று கவனியுங்கள். டிஸ்க்கைப் பெரிதாக்கினால் சதவீதம் போதாது, மொத்த அளவு மாறியதைக் காட்டச் சொல்லுங்கள். இடம் இருந்தும் இடமில்லை என்று வந்தால் ஐநோடு எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம் அது, லட்சக்கணக்கான சிறு கோப்புகள் இருந்தால் தீர்ந்துவிடும். எச்சரிக்கை மின்னஞ்சல் உங்களுக்கும் வரவேண்டும்.

பணத்தைத் திரும்பக் கேட்டேன். "தொழில்நுட்பக் கோளாறு" என்று ஒரு வரி பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்து, கட்டளை வரலாற்றின் படத்தையும் ரசீதுகளையும் அனுப்பியிருக்கிறேன். அந்தப் பதினேழு பேருக்கும் ஓணத்துக்கு முன்பே ஏலக்காய் போய்ச் சேர்ந்தது.