தாய் கொடுக்கும் ஆன்டிபாடியா, குழந்தையே தயாரிப்பதா?

பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தையின் குடலிலும் மூக்கிலும் பாக்டீரியா குடியேறத் தொடங்கிவிடும். கிருமியை எதிர்க்கும் புரதமான ஆன்டிபாடியின் பாதுகாப்பு குழந்தைக்கு மூன்று வழிகளில் கிடைக்கிறது: நஞ்சுக்கொடி, தாய்ப்பால், சொந்தத் தயாரிப்பு. எது மேல் என்று கேட்டால், எந்த இடத்துக்கு, எந்த வயதில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நஞ்சுக்கொடி வழியே வருவது ஐஜிஜி (IgG) என்ற ரத்தத்தில் ஓடும் ஆன்டிபாடி வகை. பெரும்பகுதி கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் கடந்து வரும், அதனால் குறைமாதக் குழந்தைக்குக் குறைவாகவே கிடைக்கும். பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழைந்துவிட்டால் இதுதான் கைகொடுக்கும். ஆனால் கையிருப்பு சுமார் 3 வாரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. 12 வாரத்தில் பதினாறில் ஒரு பங்குதான் மிச்சம். இன்னொரு சிக்கலும் உண்டு: தாயின் ஐஜிஜி தட்டம்மைத் தடுப்பூசியில் உள்ள வைரஸையும் முடக்கிவிடும். அந்த ஊசிக்கு 9 அல்லது 12 மாதம் வரை காத்திருப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

குடலைப் பொறுத்தவரை என் ஓட்டு தாய்ப்பாலில் வரும் ஐஜிஏ (IgA) என்ற இன்னொரு ஆன்டிபாடி வகைக்கே. சீம்பாலில் இது மிக அடர்த்தி. கன்றுக்குட்டி சீம்பாலில் உள்ள ஆன்டிபாடியை ரத்தத்தில் ஏற்றிக்கொள்ளும். மனிதக் குழந்தை அநேகமாக ஏற்றிக்கொள்வதில்லை. அது குறையல்ல. ஐஜிஏ குடலிலேயே தங்கி, பாக்டீரியா குடல் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. தாயின் குடலில் எந்தக் கிருமியைப் பார்த்துப் பழகியதோ, அந்த எதிர்ப்புச் செல்லே மார்பகத்துக்கு இடம்பெயர்ந்து ஐஜிஏவைச் சுரக்கிறது. தாயும் சேயும் ஒரே சூழலில் இருப்பதால், குழந்தை சந்திக்கப்போகும் கிருமிகளுக்கே அது பெரும்பாலும் பொருந்திப்போகிறது. பால் நின்றால் இதுவும் நின்றுவிடும் என்பதுதான் குறை.

சொந்தத் தயாரிப்பு மெதுவானது, ஆனால் நீடிக்கும். அதைத் தூண்டுவதே குடியேறும் பாக்டீரியாதான். கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் ஐஜிஏ மிகச் சொற்பம். ஆனால் நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்களின் சர்க்கரை உறையை எதிர்த்து ஆன்டிபாடி உருவாக்கச் சுமார் 2 வயதுவரை குழந்தைக்குச் சரியாக வராது. அதற்காகத்தான் அந்தச் சர்க்கரையைப் புரதத்தோடு இணைத்துத் தடுப்பூசி தயாரிக்கிறார்கள். ஊசி போட்ட குழந்தையின் மூக்கில் அந்த ரக நிமோகாக்கஸ் குடியேறுவதும் குறைவதால், ஊசி போடாத தாத்தா பாட்டிக்கும் அது தொற்றுவது குறைகிறது.